மடியிலே தொடங்கிய பள்ளிக்கூடம்



கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தின் வரலாற்றையே எழுதி முடித்துவிடுகிறார்கள். குருகுலம், திண்ணைப் பள்ளி, மிஷனரிமாரின் பாடசாலை, அரசாங்கப் பாடசாலை என்று அது ஒழுங்காக நகர்ந்து வரும். ஆனால் ஏடு தொடக்குவதற்கு முன்னுள்ள இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு பிள்ளை எங்கே கற்றது, யாரிடம் கற்றது, எதை வைத்துக் கற்றது என்ற கேள்விக்கு அவ்வரலாறுகளில் விடை கிடைப்பது அரிது. நடக்கவும் பேசவும், கையால் பற்றவும், ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறியவும் பிள்ளை கற்றுக்கொள்வது அந்த ஆண்டுகளிலேதான். தவழும் பிள்ளைக்கும் தளர்நடைப் பிள்ளைக்கும் வீட்டிலே காட்டப்பட்டு வந்த விளையாட்டுக்களின் கதையை இன்று சிறிது நோக்குவோம்.

இக்கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. என் வீட்டு விறாந்தையிலிருந்து வந்தது. மகளுக்கு இரண்டரை வயது நடந்தபோது அவளை ஒரு முன்பள்ளியிலே சேர்த்தேன். இரண்டாம் வாரமே ஒற்றைக் கோட்டுக் கொப்பி ஒன்று வீட்டுக்கு வந்தது. 'அ' என்னும் எழுத்தை ஒரு பக்கம் நிறைய எழுதி வர வேண்டும். பென்சிலைப் பிடிக்கவே விரல் இணங்காத பிள்ளை. நான் அவளுடைய கையைப் பிடித்து எழுதுவித்தேன், அவள் அழுதாள், நான் அதட்டினேன். குசினி வாசலில் நின்று பார்த்த என் அம்மா, "தம்பி, பிள்ளையை இஞ்சை விடு" என்றார். சுளகிலே பயறும் உளுந்தும் கலந்து போட்டு, இரண்டு சிரட்டைகளை முன்னால் வைத்தார். "பச்சையெல்லாம் இதுக்கை, கறுப்பெல்லாம் அதுக்கை" என்று சொல்லி, மணியொன்றும் வாய்க்குள் போகாதபடி பக்கத்திலேயே இருந்துகொண்டார். அழுகை நின்றது. கால்மணி நேரம் பிள்ளை தலை நிமிரவில்லை.

கல்வி டிப்ளோமாப் பரீட்சைக்குப் புரோபலைப் பற்றியும் மொன்டிசோரியைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி பெற்றவன் நான். நான் எழுதிய பாடந்தான் அந்தச் சுளகிலே கிடந்தது என்பது எனக்கு உறைக்கச் சில நாட்கள் சென்றன. உறைத்த பின்பு, தெரிந்த நூல்களையே மீண்டும் எடுத்து வாசித்தேன்.

சான்றோர் கண்ட சிறுதேர்

தமிழிலே இத்தேடலைத் தொடங்குவோருக்கு முதலில் எதிர்ப்படுவது ஒரு சிறிய தேர். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைச் சொல்லுமிடத்தில், காலிலே பொன்னணி பூண்ட சிறுவர்கள் குதிரை பூட்டாமலே உருட்டிச் செல்லும் மூன்று சக்கரத் தேரைக் காட்டுகிறது. காயவிட்ட உணவைக் கவர வந்த கோழியை நோக்கிப் பெண்கள் எறிந்த காதணி அத்தேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. வகுப்பிலே பாடஞ் சொல்லும் நாம் காதணியின் பொன்னை வியந்து, தேரைக் கவனியாமல் கடந்துவிடுகிறோம். தேருக்குச் சக்கரம் மூன்று என்று புலவர் எண்ணிச் சொல்லியிருக்கிறார். பிடித்து எழுந்தால் சாயாமல் நிற்கவும், தள்ளினால் முன்னே ஓடவும் ஏற்ற அமைப்பு அது. நம்முடைய நடைவண்டிக்கும் மூன்று சக்கரந்தானே?

அதே புலவர், கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையிலும் இத்தேரை மறந்தாரல்லர். அங்கே அது பட்டினத்துச் செல்வர் வீட்டிலன்றி, மருத நிலத்து உழவர் வீட்டில் ஓடுகிறது. தச்சருடைய பிள்ளைகளே விரும்பும்படி செய்யப்பட்டது. ஏறி ஊர்வதற்கானதன்று, உருட்டுவதற்கானது. அதை உருட்டிய பிள்ளைகள் தளர்நடையால் களைத்துப் போகிறார்கள். செவிலியர் அணைத்துப் பாலூட்டப் படுக்கையிலே உறங்கிவிடுகிறார்கள். விளையாட்டு, களைப்பு, பால், உறக்கம் என ஒரு சிறுபிள்ளையின் நாள் முழுவதும் அச்சில அடிகளுள் அடங்கிவிடுகிறது.

குறுந்தொகையின் 61 ஆம் பாடலில் தும்பிசேர்கீரனார் இன்னொரு விளையாட்டுப் பொருளைத் தருகிறார். தச்சன் செய்த சிறிய குதிரை வண்டியை ஏறிச் செலுத்தி இன்புறாவிட்டாலும், கையால் இழுத்தே சிறுவர் இன்புறுவர் என்பது அவர் கூறும் உவமை. தலைவனுடைய நட்பைப் பற்றிப் பேசும் தோழி இதனை எடுத்துக் கையாளுகிறாள். உவமை என்பது கேட்போருக்கு முன்னரே பழகிய பொருளாக இருத்தல் வேண்டும். எனவே இழுத்து விளையாடும் வண்டி அக்காலத்து மக்களுக்கு நன்கு தெரிந்த பொருளாக இருந்திருத்தல் வேண்டும் என்று நாம் கொள்ளலாம்.

புறநானூற்றிலே பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய 188 ஆம் பாடல் பலரும் அறிந்தது. உண்ணும் இடத்துக்குச் சிற்றடி வைத்து வரும் பிள்ளை, கை நீட்டி, உணவை இட்டு, தொட்டு, வாயாற் கவ்வி, கையால் துழாவி, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் சிதறிக்கொள்கிறது. "ஊத்தை பண்ணாதை" என்று நாம் கையைத் தட்டிவிடுகிற அதே காட்சி. பிள்ளையில்லாத செல்வம் பயனற்றது என்று சொல்வதே அரசனின் நோக்கம். குழந்தை உளவியல் எழுத அவன் முனையவில்லை. ஆயினும் அவன் வரிசைப்படுத்தும் வினைகளைப் பாருங்கள். ஒரு பிள்ளை தன் கைக்கு எட்டிய உலகத்தை எவ்வாறு சோதித்து அறிகிறது என்பதற்கு அதைவிடச் சிறந்த குறிப்பை இன்றைய ஆய்வாளரும் எழுதிவிட முடியாது. பிள்ளையின் சிறுகை அளாவிய கூழைத் திருவள்ளுவர் அமிழ்தினும் இனியதாகப் போற்றியதையும் இத்துடன் சேர்த்து எண்ணிக்கொள்ளலாம். உணவைத் துழாவும் கையைத் தடுக்காமல் பார்த்து மகிழ்ந்த ஒரு மரபு நமக்கு இருந்தது.

பருவங்கள் பத்து

சான்றோர் ஆங்காங்கே கண்டதைப் பிற்காலத்தார் ஒழுங்குபடுத்தினர். பெரியாழ்வார் கண்ணனைப் பிள்ளையாக்கிப் பாடிய பாசுரங்களும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழும் அந்த ஒழுங்கின் முக்கிய நிலைகளாகும். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழு பருவங்களும் இருபாற் பிள்ளைகளுக்கும் பொதுவானவை. ஐந்தாம் மாதத்தில் செங்கீரை, ஏழாம் மாதத்தில் தால், ஒன்பதாம் மாதத்தில் சப்பாணி என்று இரண்டு மாதத்துக்கு ஒரு பருவமாக வகுத்துக் கூறுவது வழக்கம்.

பிள்ளைத்தமிழை நாம் பத்தி இலக்கியமாகவும் புகழ் இலக்கியமாகவும் படிக்கிறோம். தெய்வத்தையும் அரசனையும் சிறிது ஒதுக்கி வைத்துவிட்டு, பருவப் பெயர்களை மட்டும் படித்துப் பாருங்கள். கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. கழுத்தும் தோளும் முதுகும் வலுப்பெறும் காலம் அது. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. தனக்கு இரண்டு கைகள் உண்டென்பதையும், அவை ஒன்றையொன்று சந்திக்கும் என்பதையும், சந்தித்தால் ஓசை பிறக்கும் என்பதையும் பிள்ளை கண்டுகொள்ளும் காலம். எட்ட நின்று கைநீட்டி அழைப்பது வருகை. முதலடிகள் வைக்கும் காலம். நிலாவைக் காட்டி விளையாட அழைப்பது அம்புலி. விரலை நீட்டிச் சுட்டும் பிள்ளைக்குத் தாய் பெயர் சொல்லிக் கொடுக்கிறாள். சுட்டுதல் முந்தியது, சொல் பிந்தியது என்று இன்றைய மொழியியலார் சொல்வதை முற்றத்திலே சோற்றுக் கிண்ணத்துடன் நின்ற தாய் செய்துகொண்டிருந்தாள். தமிழ்ப் புலவர் வகுத்த பருவங்கள் ஒரு தாயின் கண்ணால் அளந்து வகுத்த பருவங்கள் என்றே நான் கருதுகிறேன்.

இறுதி மூன்று பருவங்களிலே ஆண்பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தலும் சிறுபறையும் சிறுதேரும், பெண்பிள்ளைக்கு அம்மானையும் நீராடலும் ஊசலும் எனப் பிரிவு வந்துவிடுகிறது. அப்பிரிவை நாம் இன்று சுமக்க வேண்டியதில்லை. பெண்பிள்ளையும் தேரை உருட்டட்டும். ஆண்பிள்ளையும் சிரட்டையிலே மண்சோறு காய்ச்சட்டும்.

தாயிடம் கற்ற ஆசான்கள்

இனி மேனாட்டுக்குச் செல்வோம். அங்கும் பெரிய ஆசான்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு இறங்கி வரவில்லை; வீட்டிலே கண்டதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துச் சென்றார்கள்.

செக் நாட்டு அறிஞரான கொமேனியஸ் (1592-1670) தம்முடைய மத நம்பிக்கையின் காரணமாக நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர். கொள்ளை நோய்க்கு மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் முன்னரே பலிகொடுத்திருந்தார். 1628 இல் போலந்திலே தஞ்சம் புகுந்த அவர், முதல் ஆறு வயதுக்குரிய கல்வியைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். 1633 இல் வெளிவந்த அந்நூல் தாயின் மடியையே முதற் பள்ளிக்கூடம் என்கிறது. நீர், மண், மழை, கல் என்று பெயரறிவதே பிள்ளையின் இயற்கை விஞ்ஞானம். தொட்டிலும் அறையும் முற்றமும் அதன் புவியியல். நேற்று நடந்ததைச் சொல்வதே அதன் வரலாறு. மரத்தாலான சிறு கத்தி, கலப்பை, வண்டி முதலியவற்றை விளையாடக் கொடுக்கும்படியும் சொல்கிறார். வீடிழந்தவர்களிடையே வாழ்ந்த மனிதர், பிள்ளையின் கல்விக்கு வேண்டியவற்றைச் சுமந்து செல்லக்கூடிய அளவுக்குச் சுருக்கித் தந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இருநூறு ஆண்டுகளின் பின் ஜேர்மனியில் வந்தவர் புரோபல். 1782 இல் தூரிங்கியாவிலே பிறந்த அவருக்கு ஒன்பது மாதமாயிருக்கையில் தாய் இறந்துபோனார். தாயின் மடியை அறியாத அந்த மனிதரே பிற்காலத்தில் மடியின் விளையாட்டுக்களை உற்றுநோக்கித் தொகுத்தார் என்பது நெஞ்சைத் தொடுவது. 1837 இல் பாட் பிளாங்கன்பேர்க் என்னும் ஊரிலே சிறுபிள்ளைகளுக்கான நிலையமொன்றைத் தொடங்கி, 1840 இல் அதற்குக் கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகளின் பூங்கா, என்று பெயரிட்டார். அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்த முதற் பொருள், நூலிலே தொங்கும் ஆறு நிறக் கம்பளிப் பந்துகள். அதன்பின் மரத்தாலான கோளம், உருளை, கனசதுரம்.

பந்துகளைப் பற்றிப் பரீட்சையில் எழுதிய நான் கவனியாது விட்டது அவர் 1844 இல் வெளியிட்ட நூலை. தாய்மாருக்கான பாட்டும் படமும் விளையாட்டும் கொண்ட தொகுதி அது. காற்றுத் திசை காட்டும் சேவலைப்போலக் கையைத் திருப்புவது, பணியாரம் தட்டுவதுபோலக் கைகொட்டுவது, ஐந்து விரல்களையும் பாட்டி, பாட்டன், தந்தை, தாய், பிள்ளை என ஒரு குடும்பமாக்குவது என்று மடியிலே வைத்து ஆடும் விளையாட்டுக்களையும், ஒவ்வொன்றினாலும் பிள்ளை எதைப் பெறுகிறது என்பதையும் அதிலே விளக்கினார். தாய்மார் அறியாமலே செய்துவந்ததை அறிந்து செய்யும்படி கேட்டார், அவ்வளவே. பிரஷிய அரசு இதனையும் சந்தேகித்தது. உறவினரொருவரின் அரசியற் கருத்துக்களுடன் சேர்த்துக் குழப்பி, 1851 இல் கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தது. மறு ஆண்டு புரோபல் இறந்தார். 1860 இலேயே தடை நீங்கியது.

மருத்துவரான மரியா மொன்டிசோரி (1870-1952), 1907 இல் உரோம் நகரின் சான் லொரென்சோப் பகுதியிலே உழைப்பாளர் குடியிருப்பொன்றில் தமது முதற் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் ஊற்றுதல், பெருக்குதல், தெறி பூட்டுதல், நிறமும் வடிவும் பார்த்துப் பிரித்தல் ஆகிய வீட்டு வேலைகளே அவருடைய முறையில் முதற்பாடங்கள். அவர் 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போரினால் 1946 வரை திரும்ப முடியவில்லை. 1944 இல் இலங்கையிலும் ஒரு பயிற்சி நெறியை நடத்தினார். முதல் மூன்று ஆண்டுகளில் பிள்ளை தன்னைச் சூழ்ந்தவற்றை எல்லாம் உள்வாங்கும் ஆற்றலைப் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற நூல் 1949 இல் சென்னையிலேயே வெளியாயிற்று. தாய் போகுமிடமெல்லாம் பிள்ளையையும் கொண்டு செல்லும் வழக்கம் பிள்ளைக்குத் தரும் நன்மையைப் பற்றியும் அந்நூல் பேசுகிறது.

ஒரு வகுப்பறைத் தரையில்

நான் பதினைந்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. மழையிலே நாவற்குழிப் பாதையால் அடிக்கணக்கில் நகர்ந்து தென்மராட்சியை அடைந்தோம். ஒரு வகுப்பறையிலே பல குடும்பங்கள். என் சின்னம்மாவின் மகனுக்கு அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை. கொண்டுவந்த மூட்டைகளில் விளையாட்டுப் பொருள் ஒன்றுமில்லை. பிள்ளை இரவும் பகலும் சிணுங்கிக்கொண்டே இருந்தான்.

அம்மம்மா அவனை மடியிலே இருத்தினார். உள்ளங்கையை விரித்து, தன் முழங்கையை அதிலே ஊன்றிப் பருப்புக் கடைந்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் பங்கு கொடுத்தார். அம்மப்பா எங்களுடன் வரவில்லை. வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். அவருக்கும் ஒரு விரல் மடங்கியது. பின்பு அம்மம்மாவின் இரண்டு விரல்கள் நண்டாகிப் பிள்ளையின் கையிலே ஊர்ந்து கக்கத்தைத் தொட்டன. பிள்ளை சிரித்தான். "இன்னும்" என்று மறு கையை நீட்டினான். பக்கத்துப் பாயிலிருந்த இன்னொரு பிள்ளையும் தவழ்ந்து வந்து கை நீட்டியது. சில நாட்களில் அவன், "அம்மப்பா" என்று சொல்லிக்கொண்டு தானே அந்த விரலை மடக்கப் பழகிவிட்டான்.

புரோபலின் விரற் குடும்பத்தைப் பற்றி அம்மம்மா கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. புரோபலும் எங்கள் அம்மம்மாவை அறியார். இருவருக்கும் ஆசிரியர் ஒருவரே: மடியிலே பிள்ளையை வைத்திருந்த முன்னைத் தாய்மார். எதையும் எடுத்துவர முடியாத அன்றைக்கும் எங்களுடன் வந்து சேர்ந்த பள்ளிக்கூடம் அது ஒன்றுதான்.

நாம் செய்யக்கூடியது

முன்பள்ளி வேண்டாம் என்று சொல்வது என் கருத்தன்று. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீடுகள் பெருகிவிட்டன. மலையகத்திலே கொழுந்தெடுக்கச் செல்லும் தாய்மார் நெடுங்காலமாகவே பிள்ளைக் காம்பராவை நம்பியிருக்கிறார்கள். அங்கே பிள்ளையைப் பார்ப்பவரின் மடியும் மடிதான். ஒற்றைக் கோட்டுக் கொப்பியைப் பற்றி முன்பள்ளி ஆசிரியையிடம் பேசியபோது அவர் சொன்ன மறுமொழி என்னைத் தலைகுனிய வைத்தது. "எங்களுக்கும் விருப்பமில்லை சேர். எழுத்து எழுதாட்டில் பெற்றோர்தான் வந்து கேக்கினம்" என்றார். சேர்க்கும்போது முதற்கேள்வியாக அதைக் கேட்டவர்களில் நானும் ஒருவன்.

ஆகையால் பெற்றோராகிய நாம் செய்ய வேண்டியது பெரிதன்று. விலைகொடுத்து வாங்க வேண்டியதும் அதிகமில்லை. வெறும் பால்மாப் பேணிகள் இரண்டும் கொஞ்சத் தண்ணீரும் இருந்தால் ஊற்றி விளையாடலாம். மூடிகளைப் பேணிகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். சேலைத் தலைப்பிலே முகத்தை மறைத்துத் திறந்தால், காணாத பொருளும் இல்லாமற் போய்விடவில்லை என்று பிள்ளை அறிகிறது. பனையோலைக் காற்றாடி காற்றைக் காட்டும். நுங்குக் கோம்பை வண்டில் உருளுவதைக் காட்டும். இரவிலே விளக்குக்கு முன் கையை வைத்துச் சுவரிலே நிழல் காட்டலாம். செய்வதை எல்லாம் வாயாலும் சொல்லிக்கொண்டு செய்ய வேண்டும். பிள்ளைக்கு மொழி அப்படித்தான் வருகிறது. மூக்கிலோ வாயிலோ போட்டுக்கொள்ளக்கூடிய சிறு பொருள்களையும் தண்ணீரையும் வைத்து விளையாடும்போது பெரியவர் ஒருவர் அருகே இருத்தல் வேண்டும். உண்மையில் அந்த அருகிருத்தல்தான் விளையாட்டின் பாதி. தொலைபேசித் திரையைப் பிள்ளையின் கையிலே கொடுத்துவிட்டு நாம் எழுந்து போகும்போது இழப்பது அதனையே.

இன்னொன்றும் உண்டு. மேனாட்டுத் தாய்மாரின் விளையாட்டுக்களைத் தொகுக்க ஒரு புரோபல் முன்வந்தார். நம்முடைய அம்மம்மாக்களும் அப்பம்மாக்களும் ஊருக்கு ஊர் வேறுவேறாகக் காட்டிய விளையாட்டுக்கள் பல அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. இடப்பெயர்வும் புலப்பெயர்வும் பாட்டியையும் பேரப்பிள்ளையையும் வேறுவேறு நாடுகளில் வைத்துவிட்டன. உங்கள் வீட்டிலே ஒரு முதியவர் இருந்தால், அவர் அறிந்ததைக் கேட்டு, ஊர்ப் பெயருடன் எழுதி வையுங்கள்.

என் மகளின் ஒற்றைக் கோட்டுக் கொப்பியிலே அந்த முதற்பக்கம் பாதியில் நிற்கிறது. மற்றப் பக்கங்களில் என் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதி வருகிறேன். இதுவரை பதினேழு விளையாட்டுக்கள். பதினெட்டாவது நினைவுக்கு வரவில்லை என்கிறார். பேத்தி மடியில் வந்து இருந்தால் வந்துவிடும் என்றும் சொல்கிறார்.